ஏ356 காஸ்டிங்கை டி6 பண்றது எப்படி: எந்த ஃபேஸ் கரையும், எது உருமாறும், எது அசையாது

ஏ356ங்கிறது சிலிக்கானும் மக்னீசியமும் கலந்த அலுமினிய அலாய். டி6ன்னா அந்த காஸ்டிங்கை நல்ல சூட்டுல வெச்சு உள்ள இருக்கிறதை கரைக்கிறது (சொல்யூஷன்), தண்ணில முக்கி சட்டுனு குளிர வைக்கிறது (குவெஞ்ச்), அப்புறம் மிதமான சூட்டுல வெச்சு பலம் ஏத்துறது (ஏஜிங்), இந்த மூணும் சேர்ந்தது. ஹீட் ட்ரீட்மென்ட் செக்ஷனுக்கு புதுசா வர்றவங்க எல்லாரும் முதல்ல கேட்கிறது ஒரே கேள்விதான், எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம். சார்ட்ல இருக்கிற நம்பரை அப்படியே கன்ட்ரோலர்ல போட்டு கதவை சாத்திடுவாங்க, மறுநாள் பிரினெல் (ஹார்ட்னஸ் டெஸ்ட்) அடிச்சா 62 வரும், டிராயிங்ல 80 கேட்டிருப்பாங்க, உடனே ஏஜிங் டைமை கூட்டு, குறைன்னு ஒரு வாரம் ஓடிடும். ஆனா நான் பார்த்த பாதி கேஸ்ல தப்பு ஏஜிங்ல இருக்காது, மெல்ட்லயோ குவெஞ்ச்லயோ இருக்கும்.

காஸ்டிங் உள்ள நாலு விதமான ஃபேஸ், அதாவது தனித்தனி கலவையா பிரிஞ்சு நிக்கிற துகள், உட்கார்ந்திருக்கு, நாலும் சூட்டுக்கு நாலு விதமா நடந்துக்கும். அது புரிஞ்சா எந்த ஸ்டெப் எதுக்குன்னு தானா புரியும், அதனால அங்கேந்தே ஆரம்பிக்கிறேன்.

உதாரணத்துக்கு எடுத்திருக்கிறது ஏ356. சிலிக்கான் 7% பக்கம், மக்னீசியம் 0.25 முதல் 0.45% வரைக்கும். கோயம்புத்தூர் பக்கம் பம்ப், வால்வு காஸ்டிங் போடுறவங்க எல்எம்25ன்னு சொல்ற அலாயும் இதே குடும்பம்தான், பெரிய வித்தியாசம் இரும்புல. ஏ356ல இரும்பு 0.20% தாண்டக்கூடாது, எல்எம்25ல 0.5% வரைக்கும் விட்டிருக்காங்க. இந்த ஒரு வித்தியாசம் பின்னாடி நிறைய இடத்துல வந்து நிக்கும்.

1. உள்ள என்னென்ன இருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

மக்னீசியம் சிலிசைடு. மெட்டல் கடைசியா உறையும்போது ஓரங்கள்ல சின்ன சின்ன கருப்பு புள்ளியா நிக்கும். இதுதான் நமக்கு வேலை செய்யப்போற சரக்கு. 540 டிகிரில அலுமினியத்துக்குள்ள கரைஞ்சுடும். 0.35% மக்னீசியம் முழுசும் சிலிசைடா மாறினாலே மொத்தத்துல 0.55%தான் வரும், அவ்வளவு கொஞ்சம், அதனால அதுல ஒரு துளி வீணானாலும் ஹார்ட்னஸ்ல தெரியும்.

யூடெக்டிக் சிலிக்கான். அலுமினியத்தோட சேர்ந்து உறையிற சிலிக்கான். இது இன்டர்மெட்டாலிக் (தனிமங்கள் சேர்ந்த கூட்டுப்பொருள்) இல்ல, தனி சிலிக்கான்தான், ஆனா சொல்யூஷன் டைமை நீட்டுறதே இதுக்காகத்தான். கரையாது, வடிவம் மட்டும் மாறும்: தட்டு மாதிரி இருக்கிறது உடைஞ்சு, முனை மழுங்கி, உருண்டையாகும். எலாங்கேஷன் (உடையிறதுக்கு முன்னாடி எவ்வளவு நீளுதுங்கிறது) ஏறுறது இதனாலதான்.

பீட்டா இரும்பு ஃபேஸ். அஞ்சு அலுமினியத்துக்கு ஒரு இரும்பு, ஒரு சிலிக்கான். மைக்ரோல (வெட்டி பாலிஷ் பண்ணி மைக்ரோஸ்கோப்ல பார்க்கிறது) ஊசியா தெரியும், நிஜத்துல அது மெல்லிசான தகடு, நாம வெட்டின இடத்துல ஊசியா தெரியுது. இது கிட்டத்தட்ட அசையாது. திட அலுமினியத்துல இரும்பு அதிகபட்சமா 0.05%தான் கரையும், அதுவும் உருகுற சூட்டுக்கு பக்கத்துல, 540ல அதைவிட ரொம்ப கம்மி. கரைய இடமே இல்லாதப்போ எத்தனை மணி நேரம் வெச்சாலும் எப்படி கரையும்? ரொம்ப நேரம் வெச்சா மெல்லிசான ஊசி அங்கங்க உடையும், அவ்வளவுதான். இதோட எடைல கால் பங்குதான் இரும்பு, அதனால 0.5% இரும்பு இருந்தா ஏறக்குறைய 2% பீட்டா வரும்.

பை ஃபேஸ். எட்டு அலுமினியம், ஒரு இரும்பு, மூணு மக்னீசியம், ஆறு சிலிக்கான். மைக்ரோல சீன எழுத்து மாதிரி வளைஞ்சு வளைஞ்சு, பெரும்பாலும் பீட்டாவை ஒட்டியே கிடக்கும். புதுசா வர்றவங்க இதை கண்டுக்கவே மாட்டாங்க, ஆனா ஏமாத்துறது இதுதான், ஏன்னா எடைல கிட்டத்தட்ட 14% மக்னீசியத்தை புடிச்சு வெச்சிருக்கும். ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட் (மெட்டல்ல எது எத்தனை சதவீதம்னு சொல்ற டெஸ்ட்) மக்னீசியம் 0.35ன்னு காட்டும், ஆனா அதுல ஒரு பங்கு இதுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கும், ஏஜிங்குக்கு வராது.

நல்ல விஷயம் என்னன்னா, மக்னீசியம் 0.3, 0.4% அளவுல இருந்தா 540ல பை ஃபேஸ் மெதுவா உடைஞ்சு பொடி பொடியான பீட்டா ஊசிக் கொத்தா மாறும், புடிச்சு வெச்ச மக்னீசியத்தை மேட்ரிக்ஸுக்கு, அதாவது சுத்தி இருக்கிற அலுமினியத்துக்கு, விட்டுடும். மக்னீசியம் 0.6, 0.7ன்னு ஏறிட்டா இது நடக்காது, பை அப்படியே நிக்கும். அதனாலதான் மக்னீசியத்தை கூட்டிக்கிட்டே போனா ஹார்ட்னஸ் அதே அளவுக்கு கூடாது, எலாங்கேஷன்தான் விழும்.

2. ஃபர்னஸ் பக்கம் போறதுக்கு முன்னாடி கைல இருக்க வேண்டியது

அந்த ஹீட்டோட (ஒரு தடவை உருக்கின மெட்டல்) ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட், முக்கியமா மக்னீசியம், இரும்பு, காப்பர், ஸ்டிரான்சியம் நாலும். இன்காட் சர்டிஃபிகேட் போதாது. மக்னீசியம் ஹோல்டிங் ஃபர்னஸ்ல எரிஞ்சு குறையும், க்ளோரின் இருக்கிற டேப்லெட் போட்டு டீகேஸ் பண்ணினா (மெட்டல்ல கரைஞ்ச கேஸை வெளியேத்தினா) இன்னும் குறையும். ஸ்டிரான்சியமும் நேரம் ஆக ஆக போயிடும். இரும்பு மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும், கோட்டிங் போன லேடில், ஸ்கிம்மர், ரிட்டர்ன் ஸ்க்ராப்ல ஒட்டிக்கிட்டு வர்ற இன்சர்ட்டுன்னு எல்லாத்துலேந்தும். அதனால கடைசி மோல்டுக்கு ஊத்தின மெட்டல்ல எடுத்த ரீடிங்தான் வேணும்.

எந்த ப்ராசஸ்ல போட்ட காஸ்டிங், கிராவிட்டி டையா (உலோக அச்சு), சேண்டா (மணல் அச்சு). இது ஏன்னு அஞ்சாவது பகுதில சொல்றேன். சாதா பிரஷர் டை காஸ்டிங்கா இருந்தா டி6 பண்ணவே பண்ணாதீங்க, உள்ள அடைஞ்சிருக்கிற காத்து 540ல விரிஞ்சு தோல் முழுக்க கொப்புளமாயிடும், பிரஷர் டை அலாயான ஏடிசி12ல வந்த பீஸை அப்படி போட்டுட்டு வந்து கேட்டவங்க நிறைய பேர்.

ஃபேன் ஓடுற ஃபர்னஸ். உள்ள எந்த மூலைலயும் வித்தியாசம் கூட்டியோ குறைச்சோ 5 டிகிரிக்குள்ள இருக்கணும். ஃபேன் இல்லாத ஃபர்னஸ்ல இது நடக்கவே நடக்காது.

கன்ட்ரோலர் தெர்மோகப்பிள் (சூடு அளக்கிற கம்பி) தவிர தனியா ரெண்டு கே டைப் தெர்மோகப்பிள், லோடுக்குள்ள சொருக. ஒரு சாம்பிள் பீஸ், காஸ்டிங்லயே தடிச்ச இடத்துல 10 மிமீ ஆழம் ட்ரில் போட்டது. குவெஞ்ச் டேங்க்ல ஒரு தெர்மாமீட்டர். ஒரு ஸ்டாப்வாட்ச், செல்ஃபோன் போதும்.

3. போடுறதுக்கு முன்னாடி ஒரு மைக்ரோ எடுத்து வைங்க

இதை யாரும் பண்றதில்ல. டி6 முடிஞ்சு பிரச்சினை வந்தப்புறம்தான் வெட்டி பார்ப்பாங்க, அப்போ ஒப்பிட ஒண்ணுமே இருக்காது.

அதே ஹீட்ல ஒரு காஸ்டிங், தடிச்ச இடம் ஒண்ணு மெலிஞ்ச இடம் ஒண்ணு, ரெண்டு துண்டு வெட்டி மவுண்ட் பண்ணுங்க. எமரி 1200 வரைக்கும் தண்ணில தேய்க்கலாம், அப்புறம் 3 மைக்ரான், 1 மைக்ரான் டைமண்ட். கடைசி பாலிஷ்ல தண்ணிய தள்ளி வைங்க, ஆல்கஹால் கலந்த லூப்ரிகன்ட் போடுங்க, ஏன்னா மக்னீசியம் சிலிசைடு தண்ணில அரிச்சு போயிடும், அப்புறம் மைக்ரோஸ்கோப்ல தெரியிறது ஃபேஸா, அரிச்ச குழியான்னு சண்டை வரும்.

எட்ச் பண்றதுக்கு முன்னாடியே ஒரு தடவை பாருங்க. சிலிக்கான் சாம்பல் நிறம், மக்னீசியம் சிலிசைடு கருப்பு இல்லன்னா கருநீலம், பீட்டா வெளிர் சாம்பல்ல நேரான ஊசி, பை அதைவிட வெளுத்து எழுத்து மாதிரி வளைஞ்சிருக்கும். பீட்டாவா பையான்னு கண்ணால அடிச்சு சொல்ல முடியலன்னா எஸ்இஎம்ல (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) இடிஎஸ், அதாவது எந்த தனிமம் இருக்குன்னு காட்டுற கருவி, வெச்சு பாருங்க, மக்னீசியம் பீக் வந்தா பை, வரலன்னா பீட்டா, அங்க சந்தேகத்துக்கே இடமில்ல.

எட்ச் பண்ணணும்னா 0.5% ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் வழக்கம். இவ்வளவு நீர்த்ததுதானேன்னு வெறும் கையோட தொடாதீங்க, பட்டவுடனே எரியாது, உள்ள இறங்கினப்புறம்தான் தெரியும். கிளவுஸ், கண்ணாடி, பக்கத்துல கால்சியம் குளுக்கோனேட் ஜெல், இது மூணும் இல்லாம அந்த பாட்டிலை திறக்கவே வேண்டாம்.

4. பேஸ்கட்ல அடுக்குறது

காஸ்டிங் மேல காஸ்டிங்கை குவிக்காதீங்க. நடுவுல காத்து ஓடணும், அப்புறம் அதே சந்து வழியா தண்ணியும் ஓடணும். 540ல அலுமினியம் ரொம்ப மிருது, மேல இருக்கிற எடைலயே வளைஞ்சுடும்.

மெல்லிசான, நீளமான பீஸை செங்குத்தா நிறுத்துங்க. படுக்க வெச்சா தண்ணில இறங்கும்போது ஒரு பக்கம் முதல்ல குளிர்ந்து முறுக்கிக்கும்.

தெர்மோகப்பிளை பேஸ்கட்டோட நட்ட நடுவுல, ட்ரில் போட்ட சாம்பிள் பீஸ்ல சொருகுங்க. நான் வேலை பார்த்த ஒரு இடத்துல கன்ட்ரோலர் தெர்மோகப்பிள் மேல கூரைல மட்டும்தான் இருந்துச்சு. ஒரே பேஸ்கட்ல ஓரத்து பீஸ் பிரினெல் 84, நடு பீஸ் 70. ரெண்டு மாசமா ஒவ்வொரு லாட்லயும் இதே கதை, அலாய் மேல பழி, ஆபரேட்டர் மேல பழி. கடைசில நடுவுல ஒரு தெர்மோகப்பிளை சொருகி பார்த்தா, டிஸ்ப்ளே 540 காட்டினப்புறம் நடு பீஸ் 540 தொட இன்னும் ஒண்ணரை மணி நேரம் எடுக்குது. யாரும் தப்பு பண்ணல, யாரும் அளக்கல.

5. சொல்யூஷன்: 540 டிகிரி, நேரம் எப்போலேந்து எண்ணணும்

செட் பாயின்ட் 540. ஏன் 540ன்னா, மக்னீசியம் சிலிசைடும் சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து உருகுற புள்ளி 555 டிகிரி. அதுக்கு கீழ 15 டிகிரி இடைவெளி விட்டு, எவ்வளவு சூடா போக முடியுமோ அவ்வளவு போறோம். 525ல வெச்சாலும் கரையும், ஆனா சிலிக்கான் உருண்டையாக ரொம்ப நேரம் எடுக்கும். 555 தாண்டினா இன்னும் கரையாம கிடக்கிற சிலிசைடு இருக்கிற இடம் அப்படியே உருகிடும்.

உருகின இடம் திரும்ப உறைஞ்சாலும் பழைய மாதிரி ஆகாது. மைக்ரோல உருண்டை உருண்டையா ரோசா பூ மாதிரி கொத்து, கிரெய்ன் (படிகத் துண்டு) எல்லைல கருப்பு ஓட்டை, ரொம்ப மோசமா இருந்தா காஸ்டிங் தோல்லயே சின்ன சின்ன முத்து வேர்த்திருக்கும். இதை எந்த ட்ரீட்மென்ட்டும் சரி பண்ணாது, ஸ்க்ராப்தான். அதனால ஹீட்டருக்கு பக்கத்துல இருக்கிற பீஸ்லயும் ஒரு தெர்மோகப்பிள் வேணும், ரெண்டு கேட்டது அதுக்குத்தான்.

நேரம் எண்ணுறது இங்கதான் எல்லாரும் தவறு பண்றாங்க. ஃபர்னஸ் 540 காட்டின நிமிஷத்துலேந்து இல்ல, லோடோட நடு பீஸ் 535ஐ தொட்ட நிமிஷத்துலேந்து எண்ணுங்க.

எத்தனை மணி நேரம்? ரெண்டு வேலை நடக்குது, ரெண்டும் வேற வேற வேகம். சிலிசைடு கரையிறது சீக்கிரம், கிராவிட்டி டை காஸ்டிங்ல ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பகுதி முடிஞ்சுடும். சிலிக்கான் உருண்டையாகிறதும் பை உடையிறதும் மெதுவா நடக்கும். அதனால ஹார்ட்னஸ் மட்டும் போதும், எலாங்கேஷன் யாரும் கேட்கலன்னா நேரத்தை குறைக்கலாம், எலாங்கேஷன் வேணும்னா குறைக்க முடியாது.

கிராவிட்டி டைக்கும் சேண்டுக்கும் ஏன் வேற நேரம்னு மேல சொன்னேன் இல்ல, அது இதான். டென்ட்ரைட் (மரக்கிளை மாதிரி வளர்ற அலுமினிய படிகம்) கைகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி கிராவிட்டி டைல 25 மைக்ரான் பக்கம் இருக்கும், தடிச்ச சேண்ட் காஸ்டிங்ல 60ஐ தொடும். அணு நகர எடுக்கிற நேரம் தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி போகும், 60ஐ 25ஆல வகுத்து வர்க்கம் பண்ணுங்க, கிட்டத்தட்ட 6 மடங்கு. மொத்த நேரம் அப்படியே 6 மடங்கு ஆகாது, ஆனா டைல 4, 6 மணி நேரம் போதும்ங்கிறது சேண்ட்ல 10, 12 ஆகுது. ஒரே பேஸ்கட்ல ரெண்டையும் கலந்து போடுறவங்க இருக்காங்க, அங்க ஏதாவது ஒண்ணு கண்டிப்பா தப்பாத்தான் வரும்.

ஸ்டிரான்சியம் போட்டு மாடிஃபை பண்ண மெட்டல்னா, அதாவது 0.015, 0.02% அளவு மெட்டல்ல நின்னிருந்தா, சிலிக்கான் ஏற்கனவே மெல்லிசான பவளம் மாதிரி நார் நாரா இருக்கும், 540ல சட்டுனு துண்டாகி உருண்டையாயிடும். மாடிஃபை ஆகலன்னா பெரிய தட்டு, அது 12 மணி நேரம் கழிச்சும் தட்டாவே நிக்கும், முனை மட்டும் கொஞ்சம் மழுங்கும்.

நேரத்தை சும்மா கூட்டிக்கிட்டே போறதும் லாபமில்ல. உருண்டையானப்புறம் சின்ன உருண்டை கரைஞ்சு பெரிய உருண்டையோட சேர ஆரம்பிக்கும், எண்ணிக்கை குறைஞ்சு அளவு பெருசாகும். கரண்ட் பில் ஏறும், பலம் ஏறாது.

பீட்டா ஊசியை கரைக்கணும்னு 20 மணி நேரம் வைக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அது ஃபர்னஸ்ல தீர்ற விஷயம் இல்ல. இரும்பை மெல்ட்லயே கட்டுப்படுத்தணும், முடியலன்னா மாங்கனீஸை இரும்போட பாதி அளவுக்கு சேர்த்தா ஊசிக்கு பதிலா ஆல்ஃபான்னு இன்னொரு இரும்பு ஃபேஸ் எழுத்து வடிவத்துல உறையும், எலாங்கேஷனை அந்த அளவுக்கு கெடுக்காது. ஏ356ல மாங்கனீஸுக்கே 0.10% எல்லை இருக்கு, அதனால இந்த வழி எல்எம்25க்குத்தான் பொருந்தும், அதையும் கஸ்டமர் ஸ்பெக்கை பார்த்துட்டு செய்யுங்க.

6. குவெஞ்ச்: அந்த 10 வினாடி

எனக்கு கேட்டா மொத்த ப்ராசஸ்லயும் ரொம்ப கவனமா இருக்க வேண்டிய இடம் இதான். கஷ்டப்பட்டு கரைச்ச மக்னீசியமும் சிலிக்கானும் 450 டிகிரிலேந்து 200க்குள்ள இறங்கும்போது வெளிய வர துடிக்கும். மெதுவா இறங்கினா பெரிய பெரிய துகளா, கிரெய்ன் எல்லைலயும் சிலிக்கான் மேலயும் வந்து உட்கார்ந்துடும். அது பலத்துக்கு உதவாது, ஏஜிங்குக்கு மிச்சமும் இருக்காது.

கதவு திறந்த நொடிலேந்து கடைசி பீஸ் தண்ணிக்குள்ள முழுசா மூழ்குற வரைக்கும் 10 வினாடி. ஸ்டாப்வாட்ச்ல அளங்க, யாரையும் நம்பி எழுதாதீங்க. 5 மிமீ சுவர் இருக்கிற காஸ்டிங் காத்துல சீக்கிரம் சூடு விடும், தடிச்ச பீஸ் கொஞ்சம் தாங்கும். ஒரே காஸ்டிங்ல ஃப்ளேஞ்சு 82, மெல்லிசான சுவர் 68ன்னு வந்தா முதல் சந்தேகம் இந்த வினாடி மேலதான் வரணும்.

ஒரு நாள் நைட் ஷிப்ட்ல இதை நேர்ல பார்த்தேன். ஹாய்ஸ்ட் கொக்கி பேஸ்கட் வளையத்துல மாட்டல, தம்பி ரெண்டு தடவை இழுத்து மூணாவது தடவைதான் மாட்டினான், அதுக்குள்ள 40 வினாடி. அவன் முகமெல்லாம் வேர்த்து, "ண்ணா, சூடா இருக்கும்போதே போட்டுட்டேன்ணா, ஒண்ணும் ஆகாதுங்ளா?"ன்னு கேட்டான். கைல புடிக்க முடியாத சூடு இருந்துச்சு, உண்மைதான், ஆனா மெல்லிசான சுவர் 450க்கு கீழ அந்த எல்லைக்குள்ள இறங்கி போயிருச்சு. அந்த லோடை அப்படியே திரும்ப 540க்கு ஏத்தினோம், எல்லாம் நல்லா வந்துச்சு. அவன் மறைச்சிருந்தா 60 காஸ்டிங் கஸ்டமர்கிட்ட போயிருக்கும். தாமதமானா சொல்லுங்க, திட்ட மாட்டோம்னு ஆபரேட்டருக்கு முன்னாடியே சொல்லி வைக்கிறதும் ப்ராசஸ்ல ஒரு ஸ்டெப்தான்.

தண்ணி 60 முதல் 70 டிகிரி. பச்சைத்தண்ணில போட்டா பலம் கொஞ்சம் கூட வரும், ஆனா முறுக்கும், உள்ள ஸ்ட்ரெஸ் தங்கும், சில சமயம் விரிசலே விடும். 70 வரைக்கும் பலம் பெருசா குறையாது, அதுக்கு மேல போகப் போக மேற்பரப்புல நீராவி படலம் போர்வை மாதிரி ஒட்டிக்கும், குளிர்ச்சி விழுந்துடும். கொதிக்கிற தண்ணில போட்டா தெளிவா குறையும்.

டேங்க் அளவையும் கணக்கு போடுங்க. 100 கிலோ அலுமினியம் 540லேந்து 60க்கு இறங்கினா ஏறக்குறைய 50 மெகாஜூல் சூடு வெளிய வரும், 1000 லிட்டர் தண்ணி அதை வாங்கினா 12 டிகிரி ஏறும். பேஸ்கட் இரும்போட சூடு தனி. காலைல முதல் லோடு 60ல போகுது, நாலாவது லோடுக்கு தண்ணி 90ல நிக்குது, எல்லாரும் முதல் லோடுல எடுத்த டெம்பரேச்சரையே நாலு லோடுக்கும் லாக் புக்ல எழுதுறாங்க. மதியத்துக்கு மேல ஹார்ட்னஸ் குறையுதுன்னா இதைத்தான் பாருங்க. பம்ப் வெச்சு தண்ணிய சுத்த விடுங்க, நின்ன தண்ணில பேஸ்கட் நடுவுல இருக்கிற பீஸ் தன் சூட்டுல தானே வேகும்.

7. குவெஞ்சுக்கும் ஏஜிங்குக்கும் நடுவுல

இந்த நேரத்துல பீஸ் மிருதுவா இருக்கும், ஸ்ட்ரெய்ட்டனிங் வேலை இருந்தா இப்பவே முடிச்சுடுங்க. ஏஜிங் முடிஞ்சப்புறம் ப்ரெஸ்ல வெச்சா விரிசல் விடும்.

ரூம் டெம்பரேச்சர்லயே மக்னீசியமும் சிலிக்கானும் சின்ன சின்ன கூட்டமா சேர ஆரம்பிச்சுடும். அந்த கூட்டம் அப்புறம் ஏஜிங்ல நமக்கு வேண்டிய துகளா ஒழுங்கா வளராது, அதனால ரொம்ப நேரம் கிடந்தா கடைசி பலம் கொஞ்சம் குறையலாம். இன்னைக்கு 2 மணி நேரம், நாளைக்கு 16 மணி நேரம், சனிக்கிழமை குவெஞ்ச் பண்ணி திங்கட்கிழமை ஏஜிங்னு இருந்தா ரிசல்ட்டும் அப்படியேதான் ஆடும். ஒரு நேரத்தை முடிவு பண்ணி எல்லா லாட்டுக்கும் அதையே வைங்க.

8. ஏஜிங்: 155லயா 170லயா

இங்க நடக்கிறது வரிசையா நாலு கட்டம். முதல்ல அணுக்கூட்டம், அப்புறம் பீட்டா இரட்டைப் பிரைம்னு சொல்ற ஊசி, அப்புறம் பீட்டா பிரைம் கம்பி, கடைசில சமநிலை மக்னீசியம் சிலிசைடு. இந்த பீட்டாவும் மேல சொன்ன இரும்பு பீட்டாவும் ஒண்ணு இல்ல, பேர் மட்டும்தான் ஒண்ணு, புக் படிக்கிறவங்க குழம்புற இடம் இது.

உச்ச பலம் ரெண்டாவது கட்டத்துல. அந்த ஊசிங்க நானோமீட்டர் அளவு, அலுமினியத்தோட அணு வரிசையோட ஒட்டிக்கிட்டு இருக்கும், டிஸ்லொகேஷனை (அணு வரிசைல இருக்கிற பிசகு, அது நகர்ந்தாத்தான் மெட்டல் வளையும்) நகர விடாது. அதையும் தாண்டி வெச்சா துகள் பெருசாகி எண்ணிக்கை குறையும், ஹார்ட்னஸ் இறங்கும், அதுதான் ஓவர் ஏஜிங்.

155 டிகிரில மெதுவா ஏறும், சமாளிக்க லேசு, ஒரு மணி நேரம் முன்ன பின்ன ஆனாலும் பெருசா மாறாது. 170ல 6 முதல் 10 மணி நேரத்துல உச்சிக்கு பக்கத்துல போயிடும். எல்எம்25க்கு 155 முதல் 175 வரைக்கும், 8 முதல் 12 மணி நேரம்னு வழக்கம். 200க்கு மேல போனா உச்சி சீக்கிரம் வந்து சீக்கிரம் போயிடும், ப்ரொடக்ஷன்ல புடிக்க முடியாது. 225 பக்கம் வேணும்னே ஓவர் ஏஜ் பண்றது டி7, சூட்டுல வேலை செய்ற பீஸுக்கு, அளவு மாறாம நிக்க. அதை டி6னு நினைச்சு பண்ணிடாதீங்க.

உங்க காஸ்டிங்குக்கு ஒரு தடவை கர்வ் போட்டுக்கோங்க. ஒரே லோடுல குவெஞ்ச் ஆன 7 துண்டு, 170ல வெச்சு 1, 2, 4, 6, 8, 12, 16 மணிக்கு ஒண்ணொண்ணா வெளிய எடுத்து பிரினெல் அடிங்க. ஒரு நாள் வேலை. உச்சி எங்க வருதுன்னு தெரிஞ்சா அதுக்கு கொஞ்சம் முன்னாடி நிறுத்தலாம், அங்க பலத்துல சின்னதா விட்டுக்கொடுத்தா எலாங்கேஷன் நல்லா கிடைக்கும்.

9. முடிஞ்சப்புறம் எதை பார்க்கணும்

பிரினெல் 10 மிமீ பால், 500 கிலோ. தோலை 1 மிமீயாவது எடுத்துட்டு அடிங்க, தோல்லயும் சுருக்க ஓட்டை மேலயும் அடிச்ச ரீடிங் எதுக்கும் ஆகாது. ஒவ்வொரு பேஸ்கட்லயும் நடு, ஓரம், மேல், கீழ்ன்னு நாலு இடத்து பீஸ் பாருங்க. சேண்ட்ல தனியா ஊத்தின ஏ356 டி6 டெஸ்ட் பாருக்கு ஸ்டாண்டர்ட் கேட்கிற குறைந்தபட்சம் டென்சைல் (இழுத்தா உடையிற பலம்) 234 மெகாபாஸ்கல், ஈல்ட் (நிரந்தரமா நீள ஆரம்பிக்கிற பலம்) 165, எலாங்கேஷன் 3.5%. காஸ்டிங்லேந்து வெட்டின பாருக்கு இதே நம்பரை எதிர்பார்க்காதீங்க.

அப்புறம் மூணாவது ஸ்டெப்ல வெச்ச மைக்ரோவுக்கு பக்கத்துல புது மைக்ரோவை வெச்சு பாருங்க. சிலிக்கான் உருண்டையா, பையோட எழுத்து உடைஞ்சு அந்த இடத்துல பொடி ஊசிக் கொத்து வந்திருக்கா, பெரிய பீட்டா ஊசி அப்படியே இருக்கும், அது எதிர்பார்த்ததுதான்.

இங்க ஒரு பெரிய குழப்பம் இருக்கு. கருப்பு புள்ளிய காட்டி இதான் ஏஜிங்ல வந்த மக்னீசியம் சிலிசைடுன்னு ரிப்போர்ட்ல எழுதுறாங்க. ஏஜிங்ல வந்தது சாதா மைக்ரோஸ்கோப்ல தெரியவே தெரியாது. உங்க கண்ணுக்கு கருப்பு புள்ளி தெரியுதுன்னா அது சொல்யூஷன்ல கரையாம நின்னது, அதாவது சூடு பத்தல இல்ல நேரம் பத்தல. நல்லதுன்னு நினைச்சு எழுதுறது உண்மைல குறை.

10. காப்பர் இருக்கிற அலாய்னா இந்த நம்பரை தொடாதீங்க

319, எல்எம்4 மாதிரி 3% காப்பர் இருக்கிறதை 540ல போட்டா காஸ்டிங் உள்ளேயே உருகும். அலுமினியம் காப்பர் ஃபேஸும் சிலிக்கானும் சேர்ந்து 525 பக்கமே உருகுது, மக்னீசியமும் கூட இருந்தா 507 பக்கமே. அதனால 319க்கு 505ஐ ஒட்டித்தான் செட் பாயின்ட், மக்னீசியம் கூட இருந்தா 495லேந்து ஆரம்பிங்க. காப்பர் ஃபேஸ் பெரும்பகுதி கரைஞ்சப்புறம் உருகுறதுக்கு அங்க ஆள் இருக்காது, அப்புறம் 515, 520ன்னு ரெண்டாவது படி ஏத்துறவங்களும் உண்டு, நல்ல ஃபர்னஸ் இருந்தா மட்டும்.

காப்பர் ஃபேஸ் ரெண்டு உருவத்துல இருக்கும். நுணுக்கமா அலுமினியத்தோட கலந்து நிக்கிறது சீக்கிரம் கரையும், கட்டி கட்டியா நிக்கிறது ரொம்ப நேரம் எடுக்கும். கட்டி பெரும்பாலும் இரும்பு பீட்டா ஊசி மேலதான் ஒட்டி வளரும், அதனால இங்கயும் இரும்பு கூடினா சொல்யூஷன் டைம் கூடும்.

11. ஹார்ட்னஸ் வரலன்னா இந்த வரிசைல தேடுங்க

ஏஜிங் ஃபர்னஸை கடைசில தொடுங்க. முதல்ல ஸ்பெக்ட்ரோ, மக்னீசியம் 0.25க்கு கீழ போயிருந்தா வேற எதையும் பார்க்க வேண்டாம், அந்த ஹீட் அவ்வளவுதான் தரும்.

மக்னீசியம் சரின்னா மைக்ரோ. கருப்பு புள்ளி நிறைய நின்னா சொல்யூஷன் பத்தல, பை எழுத்து அப்படியே நின்னா அதுவும் நேரம்தான், இல்லன்னா இரும்பும் மக்னீசியமும் ரெண்டும் மேல் எல்லைல இருக்கு. மைக்ரோ சுத்தமா இருந்தும் ஹார்ட்னஸ் இல்லன்னா குவெஞ்ச் தாமதம், தண்ணி சூடு.

குவெஞ்சும் சரின்னா அப்புறம் ஏஜிங், பத்தாம போச்சா அதிகமாச்சான்னு ஒரு பீஸை வெச்சே சொல்லலாம். அதே பீஸை திரும்ப 170ல 2 மணி நேரம் வைங்க. ஏறினா பத்தாம போனது, மீதி லோடையும் அப்படியே ஏத்திடலாம். இறங்கினா ஓவர் ஏஜ், அதை ஏஜிங்ல திருப்ப முடியாது, மொத்த லோடும் 540க்கு திரும்ப போகணும். ரெண்டாவது தடவை சிலிக்கான் ஏற்கனவே உருண்டையா இருக்கு, சிலிசைடு கரைஞ்சா போதும், அதனால கிராவிட்டி டை பீஸுக்கு நடு தெர்மோகப்பிள் 535 தொட்டதுலேந்து ஒரு ரெண்டு மணி நேரம் வெச்சு, திரும்ப குவெஞ்ச், திரும்ப ஏஜிங். ரீ ட்ரீட் பண்ண பீஸ்ல பஞ்ச் போட்டு லாக் புக்ல தனி வரில எழுதிடுங்க, மூணாவது தடவைக்கு அந்த பீஸ் வந்து நின்னா உள்ள விடக்கூடாது.